ஒன்பதாவது கோளைத் தேட எந்த வழி?

நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பெரிய கோள் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கு 2016 ஜனவரியில் மறுபடி உயிர் வந்தது. நெப்டியூனைத் தாண்டித் திரியும் சில சிறு பொருள்களின் நீள்வட்டப் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டு கிடப்பதைக் கால்டெக் ஆய்வாளர்கள் கான்ஸ்டான்டின் பாட்டிகினும் மைக் பிரௌனும் காட்டினார்கள். பூமியைப் போல் சுமார் பத்து மடங்கு நிறையுள்ள ஒரு கோள் அவற்றை அப்படி ஒதுக்கி வைத்திருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், கோளை யாரும் பார்க்கவில்லை. தேடும் வழிகள் மட்டும் பெருகிக்கொண்டே போகின்றன. தொலைநோக்கி நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் குழுவாக இருந்தாலும், ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவராக இருந்தாலும், கணினியும் ஆர்வமும் மட்டும் கையில் உள்ளவராக இருந்தாலும் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இத்தனை வழிகளில் எதில் உழைப்பைப் போடுவது?

இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் எந்தத் தொலைநோக்கிக்கு எவ்வளவு மங்கலான புள்ளி தெரியும் என்பதோடு நின்றுவிடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. தேடியும் கிடைக்காமல் போனால், ‘வானத்தின் இந்தப் பகுதியில், இந்த வெளிச்சத்துக்கு மேல் அப்படி எதுவும் இல்லை’ என்று எண்ணோடு சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். இந்தத் துறையில் வெறுங்கையோடு திரும்புவதுதான் வழக்கம். அந்த வெறுங்கைக்கும் ஒரு மதிப்பு இருந்தால்தான் அடுத்தவர் அதே இடத்தைத் திரும்பத் தோண்டாமல் இருப்பார்.

வழிகளுக்குப் போகுமுன், இந்தத் தேடல் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கான இரண்டு கணக்குகளைப் பார்த்துவிடலாம்.

முதலாவது வெளிச்சம். சூரிய ஒளி கோள்வரை போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பட்டுத் திரும்பி நம்மிடம் வரும்போது இன்னொரு முறை அதே அளவு குறைகிறது. ஆக, தூரம் இரட்டித்தால் வெளிச்சம் 16-ல் ஒரு பங்காகிவிடும். நெப்டியூன் சூரியனிலிருந்து 30 வானியல் அலகு தொலைவில் இருக்கிறது (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தூரம் ஒரு வானியல் அலகு). அதையே தூக்கி 600 அலகு தொலைவில் வைத்தால் தூரம் 20 மடங்காகும், வெளிச்சம் 1,60,000-ல் ஒரு பங்காகச் சுருங்கும். இப்போது சுமார் 7.8 மேக்னிட்யூடில் (வானியலில் வெளிச்சத்தைக் குறிக்கும் எண், கூடக் கூட மங்கல்) தெரியும் நெப்டியூன், அங்கே 21-ஐ ஒட்டிப் போய்விடும். தேடப்படும் கோள் நெப்டியூனைவிடச் சிறியதாக இருக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் மங்கும். பிரௌனும் பாட்டிகினும் அண்மையில் எதிர்பார்க்கும் மதிப்பும் 22-ஐச் சுற்றித்தான் நிற்கிறது.

இரண்டாவது நகர்வு. இதைத்தான் பலர் குறைத்து மதிக்கிறார்கள். சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் 500 அலகு தொலைவில் உள்ள ஒரு பொருள், நட்சத்திரப் பின்னணியில் மணிக்குச் சுமார் 0.3 விகலைதான் நகரும் (பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு விகலை). அதுவும் பெரும்பாலும் பூமி நகர்வதால் உண்டாகும் தோற்றம். கோளின் சொந்த ஓட்டத்தை மட்டும் எடுத்தால், சூரியனை ஒரு முறை சுற்ற 11,000 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் சுமார் இரண்டு கலைதான் (60 விகலை ஒரு கலை) நகர்ந்திருக்கும். முழு நிலவின் அகலத்தில் அது 15-ல் ஒரு பங்கு.

நகர்வு எப்படிக் கழுத்தறுக்கும் என்பதற்கு நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஏரிஸ் நல்ல சாட்சி. பிரௌன் குழுவின் தொலைநோக்கி 2003 அக்டோபரிலேயே அதைப் படம் பிடித்துவிட்டது. ஆனால் போலிப் புள்ளிகளைத் தவிர்ப்பதற்காக, மணிக்கு 1.5 விகலைக்குக் குறைவாக நகரும் எதையும் அவர்களுடைய மென்பொருள் ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அகப்பட்ட செட்னா மணிக்கு 1.75 விகலை நகர்ந்ததால் மயிரிழையில் தப்பி உள்ளே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வரம்பைத் தளர்த்திப் பழைய படங்களை மறுபடி ஓட்டினார்கள். 2005 ஜனவரியில் ஏரிஸ் வெளிப்பட்டது. ஏறத்தாழ புளூட்டோ அளவுள்ள ஒரு பொருள் பதினைந்து மாதம் கணினி வட்டில் கிடந்திருக்கிறது. தொலைநோக்கிக் கண்ணாடியின் விட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. மென்பொருளுக்குக் கொடுத்த ஓர் எண்தான் அதை மறைத்து வைத்திருந்தது.

ஈர்ப்பைப் பின்தொடர்வது

ஐந்து வழிகளில் மிகப் பழையது இது, புகழும் இதற்குத்தான் அதிகம். யுரேனஸ் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் விலகி ஓடியதை வைத்து, அதை இழுக்கும் கோள் எங்கே இருக்கும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டுக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் காலே தேடத் தொடங்கினார், அன்றிரவே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைப் பிடித்துவிட்டார். இந்தக் கதையின் மறுபக்கத்தைச் சொல்பவர்கள் குறைவு. லெ வெரியேயின் கணக்கில் அந்தக் கோளின் சராசரித் தூரம் 36 அலகு, உண்மையில் 30. திசை சரியாக வந்தது, தூரம் தப்பியது. ஈர்ப்பைக் கொண்டு தேடுவதில் இது உள்ளூர இருக்கும் பிரச்சினை. அருகிலுள்ள சிறிய கோளும் தொலைவிலுள்ள பெரிய கோளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுக்கும்.

அதே வழியில் போய்ச் சறுக்கியவர் பெர்சிவல் லோவெல். யுரேனஸின் பாதையில் எஞ்சியிருந்த சின்னச் சின்ன விலகல்களை வைத்துப் பூமியைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நிறையுள்ள ஒரு கோளைக் கணித்தார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, 1930 பிப்ரவரி 18 அன்று, அவர் நிறுவிய ஆய்வகத்திலேயே கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டார். கணித்தது கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது. பின்னாளில் அளந்தபோது புளூட்டோவின் நிறை பூமியின் நிறையில் சுமார் 0.2 சதவீதம்தான் என்று தெரிந்தது, அதால் யுரேனஸை அசைக்கவே முடியாது. அந்த விலகல்களோ 1993-ல் மாயமாயின. வாயேஜர் 2 அளந்து தந்த நெப்டியூனின் சரியான நிறையை மைல்ஸ் ஸ்டாண்டிஷ் கணக்கில் போட்டதும் விளக்க வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. இல்லாத கோளைத் தேடப் போய் வேறொன்று கிடைத்ததற்கு, டோம்பா படத்தட்டுகளை வரிசையாக, பொறுமையாகப் புரட்டியதுதான் காரணம்.

இன்று இதே வழியின் நவீன வடிவம், காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியபோது அனுப்பிய வானொலிச் சமிக்ஞைகளில் இருக்கிறது. பூமிக்கும் சனிக்கும் இடையிலான தூரத்தைச் சில பத்து மீட்டர் துல்லியத்தில் அவற்றால் சொல்ல முடிகிறது. 2016-ல் ஃபியெங்கா தலைமையிலான பிரெஞ்சுக் குழு, ஒரு குறிப்பிட்ட திசையில் கோளை வைத்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் நன்றாகப் பொருந்துகிறது என்றது. செய்தித்தாள்கள் துள்ளின. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமோ, காசினியின் பாதையில் விளக்க முடியாத விலகல் எதுவும் இல்லை என்றது. 2020-ல் ஃபியெங்கா குழுவே கணக்கை இறுக்கியது. பூமியைப் போல் ஐந்து மடங்கு நிறையுள்ள கோள் என்றால் 500 அலகுக்கு அப்பால்தான் இருக்க முடியும், பத்து மடங்கு என்றால் 650-க்கு அப்பால்தான் என்று வந்தது.

இதை எங்கே வைப்பது? ‘இங்கே இல்லை’ என்று சொல்வதில் ஈர்ப்பு வழி வலிமையானது, முழு வானத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்வதில் அதன் வரலாறு ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்று சமமாக நிற்கிறது. வரம்பு கட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தொலைநோக்கியைத் திருப்பும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.

வெப்பத்தைத் தேடுவது

காகிதத்தில் இதைவிட அழகான வழி கிடையாது. கோள் தன் உள்வெப்பத்தால் தானே கதிர்களை வெளியிடுகிறது. சூரிய ஒளி போய்த் திரும்ப வேண்டியதில்லை, ஒரு வழிப் பயணம்தான். எனவே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் மங்கும், நான்கடுக்குக்கு ஏற்ப மங்காது. சுமார் 40 கெல்வின் வெப்பநிலையில் உள்ள கோளின் கதிர்வீச்சு 70 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதாவது தொலை அகச்சிவப்பு.

சிக்கலும் அங்கேதான். வானம் முழுவதையும் தொலை அகச்சிவப்பில் இந்த வேலைக்குப் போதிய நுணுக்கத்தோடு படம் பிடித்த விண்கலங்கள் இரண்டே இரண்டு: 1983-ல் ஐராஸ், 2006-ல் தொடங்கிய ஜப்பானின் அகாரி. பலர் இந்த வேலைக்குக் கைகாட்டும் வைஸ் விண்கலம் 3.4 முதல் 22 மைக்ரோமீட்டர் வரைதான் பார்த்தது. 40 கெல்வின் கோளுக்கு அது பொருத்தமான ஜன்னல் அல்ல. ஆனாலும் வைஸ் ஒரு பெரிய காரியம் செய்தது. 2014-ல் கெவின் லூமன் அதன் படங்களை அலசி, 10,000 அலகு வரை சனி அளவிலான கோளும் 26,000 அலகு வரை வியாழனைவிடப் பெரியதும் இல்லை என்று காட்டினார். பெரிய பூதங்கள் ஒழிந்தன. எஞ்சியிருப்பது பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த கோள் மட்டுமே.

2025-ல் ஐராஸ், அகாரி பட்டியல்களை ஒப்பிட்ட ஒரு குழு, 23 ஆண்டு இடைவெளியில் நகர்ந்ததுபோல் தெரியும் ஒரு ஜோடிப் புள்ளியை முன்வைத்தது. செய்தி உலகம் சுற்றியது. ஒரு நிமிடம் நின்று யோசித்தால் பலவீனம் தெரியும். இரண்டு புள்ளிகளை எப்போதும் ஒரு கோட்டால் இணைத்துவிடலாம். மூன்றாவது புள்ளி வந்தால்தான் அது பாதையா, தற்செயலா என்று சொல்ல முடியும். 1983-ல் தெரிந்து பின் மறைந்த ஒன்றும் 2006-ல் தோன்றிய வேறொன்றும் ஜோடி சேர்ந்திருக்கலாம். பால்வீதியின் தூசி மேகங்கள் தொலை அகச்சிவப்பில் திட்டுத் திட்டாக ஒளிர்ந்து போலிப் புள்ளிகளை அள்ளித் தருகின்றன. மைக் பிரௌனே அந்த ஜோடியை எடுத்துக் கணக்கிட்டு, அது உண்மையானால் சுற்றுப்பாதை சுமார் 120 பாகை சாய்ந்திருக்கும், தாங்கள் சொல்லும் கோளாக அது இருக்க முடியாது என்றார்.

நுண்ணலையிலும் தேடியிருக்கிறார்கள். பெருவெடிப்பின் எச்ச ஒளியை அளக்கச் சிலியில் வைத்த அடகாமா தொலைநோக்கியின் பல ஆண்டுத் தரவுகளை 2021-ல் சலித்ததில் எதுவும் தேறவில்லை. ஆனால் எவ்வளவு தூரம் வரை, எந்த நிறைக்கு இல்லை என்று ஒழுங்காகச் சொன்னார்கள். என் அளவுகோலில் ஐராஸ்-அகாரி ஜோடியைவிட இதற்கே அதிக மதிப்பெண்.

வெப்ப வழியில் புது விண்கலம் ஏறும்வரை, பழைய பட்டியல்களை இன்னொரு முறை சலிப்பதில் பெரிதாகப் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய கண்ணாடியைக் குறிவைத்துத் திருப்புவது

ஹவாயின் மௌனா கேயாவில் உள்ள 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கியும் அதன் ஹைப்பர் சுப்ரைம் கேம் என்ற கேமராவும் இந்த வேலைக்கென்றே பிறந்தவைபோல் இருக்கும். அந்த அளவுக் கண்ணாடிக்கு இவ்வளவு அகலமான பார்வை அரிது, ஒரு படத்தில் சுமார் 1.8 சதுரப் பாகை. இருந்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோள் இருக்கக்கூடிய பாதையில் 1,000 சதுரப் பாகையைத் தேட வேண்டுமானால் 550 தடவைக்கு மேல் திருப்ப வேண்டும். நகர்வை உறுதிசெய்ய மூன்று இரவாவது வேண்டும். நிலவில்லாத, மேகமில்லாத இரவுகளில், உலகம் முழுக்கப் போட்டி போடும் ஒரு தொலைநோக்கியில்.

சுபாருவின் உண்மையான அறுவடை வேறு இடத்தில் வந்தது. 2023-ல் எடுத்த அதன் படங்களில் 2023 கேக்யூ14 என்ற பொருள் சிக்கியது, 2025 ஜூலையில் அறிவித்தார்கள். சூரியனை நெருங்கும்போதுகூட 66 அலகுக்குள் வராத அந்தப் பொருளின் பாதை, மற்றவை நீண்டு கிடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நீள்கிறது. கோளைத் தேடும் வலையில் கோளுக்கு எதிரான சாட்சி மாட்டியதுபோல் ஆயிற்று. முழுமையான மறுப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் அசௌகரியமானது.

சுபாருவுக்கு ஒரு தனி இடம் நிச்சயம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இருக்கும் படங்களைத் தோண்டுவது

யோகான் காட்ஃபிரீட் காலே கண்ணில் படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நெப்டியூன் பதிவாகிவிட்டது. பாரிஸில் லாலாந்தின் வானாய்வகத்தில் நட்சத்திரப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1795 மே 8 அன்று ஒரு புள்ளியின் இடத்தைக் குறித்தார்கள். மே 10 அன்று அதே புள்ளியை மறுபடி அளந்தால் இடம் பொருந்தவில்லை. முதல் அளவு பிழை என்று அதை விட்டுவிட்டு, இரண்டாவதன் பக்கத்தில் சந்தேகக் குறி போட்டு நகர்ந்துவிட்டார்கள். இரண்டு நாளில் ஒரு ‘நட்சத்திரம்’ நகர்ந்திருக்கிறது என்பதே கண்டுபிடிப்பு. அது காகிதத்தில் பிழையாக உட்கார்ந்திருந்தது.

இன்றும் நிலைமை அதேதான், காகிதத்துக்குப் பதில் சேமிப்பகம். 2025 மேயில் அறிவிக்கப்பட்ட 2017 ஓஎஃப்201 என்ற பொருளைப் பாருங்கள். சுமார் 700 கிலோமீட்டர் விட்டம் இருக்கலாம், சூரியனை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 25,000 ஆண்டு ஆகும். அதைக் கண்டுபிடித்த சிஹாவ் செங் குழு புதிதாக ஓர் இரவுகூடத் தொலைநோக்கி கேட்கவில்லை. வேறு வேலைக்காக எடுத்துப் பொதுவில் போட்டிருந்த படங்களில், ஏழு ஆண்டுகளில் சிதறிக் கிடந்த 19 பதிவுகளைக் கணினியால் கோத்து எடுத்தார்கள்.

ஒன்பதாவது கோளுக்கே இந்த முறையைப் பிரௌனும் பாட்டிகினும் வரிசையாகப் பயன்படுத்தினார்கள். அவர்களின் நேர்த்தி எனக்குப் பிடித்தது. கோள் எப்படியெல்லாம் இருக்கலாம் என்று ஏராளமான கற்பனைக் கோள்களை உருவாக்கி, ஒவ்வொன்றும் எந்த இரவில் எங்கே, எவ்வளவு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். தங்கள் தேடல் அவற்றில் எத்தனையைப் பிடித்திருக்கும் என்று எண்ணினார்கள். வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கும் ஸ்விக்கி வசதியின் தரவில் தொடங்கியபோது சுமார் 56 சதவீதச் சாத்தியங்கள் அடிபட்டன. இருண்ட ஆற்றல் அளவைத் திட்டத்தின் படங்களைச் சேர்த்ததும் 61-ஐத் தொட்டது. 2024-ல் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் தரவும் சேர்ந்தபோது 78 சதவீதத்துக்கு வந்து நின்றது. கோள் கிடைக்கவில்லை. ஆனால் தேட வேண்டிய வானம் ஐந்தில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கிவிட்டது, அதை மற்றவர்கள் சரிபார்க்கவும் முடியும்.

பான்-ஸ்டார்ஸ் கண்ணாடி 1.8 மீட்டர்தான். சுபாருவோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளை. இந்தத் தேடலில் இதுவரை அதிக வானத்தைக் கூட்டிப் பெருக்கியது அதுதான்.

ரூபின்

சிலியின் செர்ரோ பச்சோனில் உள்ள ரூபின் வானாய்வகம் 2025 ஜூன் 23 அன்று முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, ஒரு படத்தில் 9.6 சதுரப் பாகை. சுபாருவுக்கு 550 தடவை என்று சொன்ன அதே பரப்பை இது நூற்றுச் சொச்சத் தடவையில் முடிக்கும், அதுவும் நேரம் கெஞ்ச வேண்டியதில்லை, பத்தாண்டுத் திட்டத்தில் தானாகவே நடக்கும். அரை நிமிடப் படம் ஒன்றில் 24.5 மேக்னிட்யூட் வரை தெரியும். எதிர்பார்க்கும் 22-ஐவிட அது பத்து மடங்கு மங்கல். வெளிச்சத்தைப் பொறுத்தவரை கோள் அதன் வானத்தில் இருந்தால் தெரியாமல் போக வாய்ப்பு குறைவு.

அப்படியானால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டு தடை.

முதல் தடை, முன்பு சொன்ன நகர்வு. ரூபின் ஒரே இடத்தை ஓர் இரவில் சுமார் அரை மணி இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, அந்த இடைவெளியில் நகர்ந்தவற்றைச் சூரியக் குடும்பப் பொருள்களாகப் பிரிக்கிறது. சிறுகோளுக்கு அது போதும், நெப்டியூனை அடுத்துள்ள கைப்பர் பட்டையின் பொருள்களுக்கும் போதும். 500 அலகு தொலைவில் உள்ள கோள் அந்த அரை மணியில் நகர்வது 0.15 விகலை. காற்றின் கலக்கத்தால் ஒரு நட்சத்திரப் புள்ளியே அதைவிடப் பல மடங்கு பரந்து தெரியும். எனவே வழக்கமான நடைமுறையில் அது அசையாத நட்சத்திரமாகவே வேடம் போடும். இரவுக்கு இரவு, வாரத்துக்கு வாரம் ‘நேற்று இங்கே இருந்தது, இன்று இல்லை’ என்ற பதிவுகளை இணைக்கும் தனி மென்பொருள் வேண்டும். ஏரிஸ் பதினைந்து மாதம் ஒளிந்திருந்ததும் இதே ரகப் பொந்தில்தான்.

இரண்டாவது தடை, வடவானம். ரூபின் தென்கோளத்தில் இருக்கிறது. வான்நடுக்கோட்டுக்கு வடக்கே கிரகங்கள் ஓடும் பட்டையைக் கொஞ்சம் தொடும், ஆனால் குறைந்த தடவைகள்தான். கோளின் பாதையில் சூரியனைவிட்டு மிக விலகும் பகுதி ரிஷபம், ஓரியன் பக்கம் விழும் என்பது கணிப்பு. அங்கே பால்வீதியின் நட்சத்திர நெரிசலும் சேர்ந்துகொள்கிறது. கோள் மிக மெதுவாக ஊர்ந்து, அதிக காலத்தைக் கழிப்பதும் அந்தத் தொலைப் பகுதியில்தான். பான்-ஸ்டார்ஸ் விட்டுவைத்த இடங்களில் கணிசமானது இப்படிப்பட்டதே. சுபாருவுக்கு ஒரு தனி இடம் உண்டு என்றேனே, அது இங்கேதான். ரூபின் சரியாக எட்டாத வடக்கில், நெரிசலான நட்சத்திரங்களுக்கு நடுவில், தெளிவான படத்தோடு, எல்லை வரையறுத்துக்கொண்டு தேட அதைவிடச் சிறந்த கருவி இப்போது இல்லை.

முதலில் கோள் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க முடியாது. 2017-ல் ஓஸோஸ் என்ற அளவைக் குழு தான் கண்ட பொருள்களை வைத்து, பாதைகள் ஒரு பக்கம் சேர்ந்திருப்பது நாம் எங்கே, எந்த மாதத்தில் பார்த்தோம் என்பதன் விளைவாகவே இருக்கலாம் என்றது. இந்தப் பொருள்கள் சூரியனுக்கு அருகில் வரும் சிறு காலத்தில்தான் நமக்குத் தெரியும். பால்வீதியைத் தவிர்த்து, வானிலை நன்றாக உள்ள மாதங்களில் மட்டும் தேடினால் கிடைப்பவையும் அந்தப் பக்கத்தவையாகவே இருக்கும். 2021-ல் கெவின் நேப்பியர் குழு மூன்று அளவைகளின் 14 பொருள்களைச் சேர்த்துப் பார்த்து, சீராகப் பரவிய கூட்டத்தோடும் அவை ஒத்துப்போகின்றன என்றது. பிரௌனும் பாட்டிகினும் இதை ஏற்கவில்லை. பதினான்கு பொருளை வைத்து நடக்கும் வழக்கு எந்தப் பக்கமும் தீராது.

இலக்கும் ஒன்றாக இல்லை. 2023-ல் லைகாவ்காவும் இதோவும் 250 முதல் 500 அலகுக்குள் பூமியைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு நிறையுள்ள கோளை முன்வைத்தார்கள். 2025-ல் அமீர் சிராஜ் குழு, 80 அலகுக்கு அப்பால் உள்ள பொருள்களின் சராசரித் தளம் சாய்ந்திருப்பதைக் காட்டி, 100 முதல் 200 அலகுக்குள் புதனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட நிறையுள்ள ஒன்றைச் சொன்னது. 2019-ல் ஷோல்ட்ஸும் அன்வினும், அது கோளாகவே இல்லாமல், பெருவெடிப்பை ஒட்டி உருவான ஆதிக் கருந்துளையாக இருந்தால் என்ன என்றார்கள். கடைசி யோசனை உண்மையானால் மேலே சொன்ன தொலைநோக்கிகள் பெரிதாக உதவாது, ஈர்ப்பைத்தான் முக்கியமாக நம்ப வேண்டியிருக்கும்.

ஒரே கணிப்பை நம்பி ஒரே இடத்தை ஆழமாகத் தோண்டுவதைவிட, எந்தக் கணிப்பு வென்றாலும் பலன் தரும் பரந்த அளவையை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். ரூபின் சுமார் 40,000 நெப்டியூன்தாண்டிப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதுவும் எங்கே, எப்போது, எவ்வளவு ஆழம் பார்த்தோம் என்ற சுத்தமான கணக்கோடு. கோள் கிடைக்காவிட்டாலும், அந்தப் பாதைகள் உண்மையில் ஒரு பக்கம் சேர்ந்திருக்கின்றனவா என்ற வழக்கு அங்கே தீரும்.

யாருக்கு எது

நேரம் ஒதுக்கும் குழுவில் இருந்தால் சுபாரு வகைத் தொலைநோக்கிகளின் இரவுகளை ரூபின் எட்டாத வடக்குக்கும் பால்வீதி நெரிசலுக்கும் கொடுப்பேன். முன்வைக்கும் குழு, கிடைக்காவிட்டால் எத்தனை சதவீதச் சாத்தியத்தை அழிப்போம் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத விண்ணப்பம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அடுத்த சுற்றுக்கு வரட்டும்.

ஆய்வு மாணவருக்குப் பழைய படங்களும், மெதுவாக நகர்பவற்றைக் கோக்கும் மென்பொருளும். கருவி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். இன்றே ஸ்விக்கி, இருண்ட ஆற்றல் அளவை ஆகியவற்றின் பொதுத் தரவில் எழுதிப் பழகியது, நாளை ரூபின் தரவு கையில் வரும்போது அப்படியே ஓடும். கோளே இல்லை என்றாலும் 2017 ஓஎஃப்201 போன்றவை வழியில் கிடைக்கும்.

நிரல் எழுத வராது, மாலையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘பேக்யார்டு வேர்ல்ட்ஸ்: பிளானட் 9’ இருக்கிறது. வைஸ் படங்கள் மாறி மாறி மின்னும், நகரும் புள்ளியைக் கண்ணால் பிடிக்க வேண்டும். டோம்பா செய்த அதே வேலை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்: வைஸின் அலைநீளங்கள் குளிர்ந்த கோளுக்கு உகந்தவை இல்லை என்பதால், அங்கே தன்னார்வலர்களுக்கு இதுவரை மாட்டியவை சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள பழுப்புக் குள்ளன்கள்தான் (நட்சத்திரமாக எரிய நிறை போதாத மங்கலான பொருள்கள்). அவற்றை முதன்முதலாகப் பார்த்த ஆளாக இருப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் தாராளமாகச் செய்யலாம். கோள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொள்வது நல்லது.